தையல்நாயகியின் பேச்சு

எவர்சில்வர் அடுக்கு கைநழுவித் தரையில் விழுந்து, உருண்டு போய்க் கதவில் முட்டி, ஆடி ஆடி அடங்குகிறவரை அம்பலவாணன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். பையன் எழுந்துவிடுவான். ஓசூரிலிருந்து ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார்ந்து வந்து, பொழுது வெளுத்த பிறகுதான் படுத்தான், அவனை எழுப்பித் தொலைத்தாயிற்று என்று தன்னையே திட்டிக்கொண்டு அறைக் கதவைப் பார்த்தபடி நின்றவருக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. செல்வமுத்துவுக்குக் காது கேட்காது. பிறந்ததிலிருந்தே கேட்காது. ஊருக்கே தெரிந்த விஷயம் பெற்ற தகப்பனுக்கு மறந்துபோகுமா என்றால், போகும், தையல்நாயகி அப்படித்தான் பழக்கிவைத்திருந்தாள். பையன் தூங்கும்போது இந்த வீட்டில் யாரும் பாத்திரத்தை நங்கென்று வைக்கக் கூடாது, நாற்காலியை இழுக்கக் கூடாது. அவனுக்குத்தான் கேட்காதே என்று உறவில் ஒரு கல்யாணத்துக்காக வந்து தங்கியிருந்த அவளுடைய அக்காள் ஒருமுறை சிரித்தபோது, "தரை அதிரும்க்கா. அவன் தூக்கம் தரையில இருக்கு" என்றாள் தையல்நாயகி. அதற்குப் பிறகு அக்காளும் பூனை மாதிரிதான் நடந்தாள். அவள் சொன்னால் அப்படித்தான். சண்டை போட மாட்டாள், கெஞ்ச மாட்டாள், விஷயத்தை எடுத்து முன்னால் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவாள், கேட்டவர் அதைத் தாண்டிப் போக முடியாமல் நின்றுகொண்டிருப்பார். அடுக்கை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். விளிம்பு நசுங்கியிருந்தது. கதவு திறக்கவில்லை. அப்பாடா என்று இருந்தது, அப்படி இருந்ததே என்று கூச்சமாகவும் இருந்தது.

ஊறின பருப்பை மிக்ஸியில் போட்டு, வற்றல் மிளகாயும் சோம்பும் உப்பும் சேர்த்து, நைஸாகிவிடாமல் நிறுத்தி நிறுத்தி ஓட்டினார். பருப்பு உருண்டைக் குழம்பு. அவனுக்குப் பிடித்தது என்று தெரியும், பிடித்தது என்று தெரிந்ததைத் தவிர வேறு எதுவும் தெரியாமல்தான் இதில் இறங்கியிருக்கிறார். மாசியில் அவள் போன பிறகு சோறு வடிக்கக் கற்றுக்கொண்டார், ரசம் வந்தது, ஒரு மாதிரியாகக் கூட்டும் வந்தது. உருண்டை வேறு ஜாதி. இறுக்கிப் பிடித்தால் கல்லாகும், இளக்கிப் பிடித்தால் குழம்பிலேயே கரைந்து காணாமல் போகும். அவள் இரண்டு விரலால் உருட்டிக்கொண்டே ஜன்னல் வழியாக எதிர் வீட்டுக்காரியோடு பேசுவாள், பார்க்கக்கூட மாட்டாள், ஒன்றாவது கரைந்தது கிடையாது. கையை நனைத்துக்கொண்டு முதல் உருண்டையைப் பிடித்தார். பிளந்தது. அவன் எழுந்து வந்தால் என்ன பேசுவது? இதுதான், காலையிலிருந்து இதுதான், பருப்பைக் களையும்போதும் புளியைக் கரைக்கும்போதும் கூடவே வந்துகொண்டிருப்பது இதுதான். காரியத்துக்கு வந்தபோது வீடு கொள்ளாத கூட்டம், மருமகள் இருந்தாள், பேத்தி இருந்தாள், சொந்தக்காரர்கள் இருந்தார்கள். இப்போது பேத்திக்குப் பள்ளிக்கூடம் என்று அவன் மட்டும் வந்திருக்கிறான். நாற்பது வருஷத்தில் அப்பாவும் பிள்ளையும் மட்டும் ஒரு வீட்டில் இருந்த நாள் உண்டா என்று யோசித்துப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. நடுவில் அவள் இருப்பாள். இவர் வாயால் சொல்வதை அவள் கையால் சொல்வாள், அவன் கையால் சொல்வதை வாயால் சொல்வாள். அவனுக்கு உதடு படிக்கத் தெரியும், பேசவும் வரும், இவருக்கும் நாலு சைகை தெரியும். சாப்பிடு, தூங்கு, வண்டி, பணம். நாலு சைகையை வைத்துக்கொண்டு ஒரு பகலை ஓட்ட முடியுமா? அதிலும் அந்த ஒரு கேள்வியைக் கேட்க முடியுமா? அவள் ஆஸ்பத்திரியில் கடைசியாக என்ன சொன்னாள்? வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம். இரண்டாவது உருண்டை பிளக்கவில்லை. தட்டில் வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பொன்மலைப் பணிமனைச் சங்கு ஊதியது. குவார்ட்டர்ஸைக் காலி செய்து இந்த வீட்டுக்கு வந்த பிறகும் சங்கு மட்டும் காற்றோடு வந்துவிடுகிறது. அவர் அங்கே ஃபிட்டராக இருந்தார், அந்தச் சங்கில்தான் விஷயமே வெளியே வந்தது. வரிசையாக வீடுகள், எல்லா வீட்டிலும் கைக்குழந்தை, காலையில் சங்கு ஊதினால் வரிசை முழுக்க ஒரே அழுகை. இவர்கள் வீட்டுத் தூளி மட்டும் அசையாது. சமத்துப் பிள்ளை என்று எல்லோரும் சொன்னார்கள், அவருக்கும் பெருமைதான். தையல்நாயகி மட்டும் ஒன்றும் சொல்லாமல் நாலு நாள் பார்த்தாள். ஐந்தாம் நாளோ என்னவோ, அவர் வேலையிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்தும்போது, உள்ளே தாம்பாளத்தை ஓங்கி அடிக்கும் சத்தம் கேட்டது. ஓடினார். பிள்ளை தவழ்ந்தபடி சுவரில் விழுந்த வெயிலைப் பிடிக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது, அதன் முதுகுக்குப் பின்னால் இவள் கட்டில்மேல் ஏறி உட்கார்ந்து தாம்பாளத்தைத் தூக்கிப் பிடித்திருக்கிறாள். கட்டிலில் உட்கார்ந்து அடித்தால் தரை அதிராதாம், அதற்காகத் தலையணைமேல் வைத்துக் கரண்டியால் அடித்துப் பார்த்திருக்கிறாள். அவரைப் பார்த்ததும், "இவனுக்குக் கேக்கலைங்க" என்றாள். அழுவாள் என்று நினைத்தார். அழுதது அவர். அவள் பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டு, வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள், அது சிரித்தது. அவள் அழவே இல்லையா என்றால், அழுதாள், அது பிறகு, டாக்டர் சைகை கூடாது என்று சொன்ன அன்றைக்கு. கையால் பேசவிட்டால் வாய் பேச வராது, கையைக் கட்டிவைத்தாவது வாயால் பேசப் பழக்குங்கள் என்றார் அந்தப் பெரிய டாக்டர், அந்தக் காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். கொஞ்ச காலம் கேட்டாள். பிள்ளை தண்ணீர் வேண்டும் என்று கையைக் காட்டும், இவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பாள், அது கால் உதைத்துக் கத்தும், இவள் கண்ணில் நீர் ஓடும். ஒருநாள் தண்ணீரைக் கொடுத்துவிட்டாள். "வாயும் அவனோடதுதான், கையும் அவனோடதுதான். எதை எதுக்குக் கட்டணும்?" என்றாள். அதற்குப் பிறகு அந்த டாக்டரிடம் போகவில்லை. இரண்டும் கற்றுக்கொடுத்தாள். ஊரின் இன்னொரு கோடியில் இருந்த காது கேளாதோர் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாறி அவனைக் கூட்டிப் போய், டீச்சரிடம் கேட்டு வகுப்பின் கடைசியில் சுவரோரமாக உட்கார்ந்து, அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் இவளும் படித்து, வீட்டுக்கு வந்து மறுபடி ஆரம்பிப்பாள். வாய்க்கு முன்னால் காகிதத் துண்டைப் பிடித்து 'ப' சொல்வாள், காகிதம் ஆடும். தன் கழுத்தில் அவன் கையை வைத்து 'க' சொல்வாள். மூக்குத்தண்டில் அவன் விரலை வைத்து 'ம' சொல்வாள், விரல் கூசும், அவன் இழுத்துக்கொள்வான். ஒரு சாயங்காலம் அவர் கை கால் கழுவிக்கொண்டிருந்தபோது அவனை முன்னால் நிறுத்தி முதுகில் தட்டினாள். "அப்... பா" என்றான். கையிலிருந்த சோப்பு எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அம்மான்னு சொல்லச் சொல்லியிருக்கலாமே, பாடுபட்டது நீதானே என்று அவர் கேட்டதற்கு, "அதுக்கு மூக்கு வேணும், கஷ்டம். அப்பாவுக்குக் காத்து போதும். வர்றது மொதல்ல வரட்டும்" என்றாள். அந்த மூக்கு வேண்டிய சொல் வர அதற்கு மேல் ஒரு வருஷம் ஆயிற்று. அவள் அவசரப்படவில்லை.

அடுப்பில் புளித்தண்ணீர் நுரைத்துக்கொண்டு மேலே வந்தது, தணித்தார். மஞ்சளும் மிளகாயும் பச்சை வாசனை போக இன்னும் கொதிக்க வேண்டும். அந்த வாசனை மூக்கில் ஏறினதும் பழைய குவார்ட்டர்ஸ் முழுசாக வந்து நின்றது, வேப்பமரமும் பொதுக்குழாயும், குழாயடியில் இடுப்பில் குடத்தோடு அவளும். வரிசையில் வீடு வீடாகப் போனவள் அவள். அவனிடம் பேசும்போது முகத்தைப் பார்த்துப் பேசுங்கள், வெளிச்சம் உங்கள் மேலே விழுகிற மாதிரி நில்லுங்கள், கத்தாதீர்கள், கத்தினால் வாய் கோணிக்கொள்ளும், அவனுக்குப் புரியாது என்று எல்லோரிடமும் சொல்லி முடித்தாள். காய்கறி வண்டிக்காரர் தெருவிலேயே வெயிலைப் பார்த்துத் திரும்பி நின்று கத்தரிக்காய் விலை சொல்வார். அம்பலவாணனுக்கு அப்போது மீசை இருந்தது, கொடுவாள் மாதிரி, பணிமனை ஷாப்பில் அதற்கென்றே ஒரு மதிப்பு. "உங்க மேலுதடு அவனுக்குத் தெரியலை" என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். மறுநாள் எடுத்துவிட்டார். ஷாப்பில் ஒரு வாரம் கேலி செய்தார்கள், வீட்டில் பையன் வந்து உதட்டைத் தொட்டுப் பார்த்தான். அதெல்லாம் ஒரு தியாகமா, அவள் செய்ததற்கு முன்னால். ஆறாவதில் சாதாரணப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஹெட்மாஸ்டர் ரொம்ப நல்லவிதமாகத்தான் சொன்னார். "வாத்தியார் போர்டுல எழுதிக்கிட்டே பேசுவார்மா. இவன் என்ன பண்ணுவான்?" "எழுதிட்டுத் திரும்பிப் பேசச் சொல்லுங்க சார்" என்றாள் தையல்நாயகி. அதனால் மற்ற பிள்ளைகளுக்கும் நல்லதுதான் என்று அவர் தனக்குள் சொல்லிக்கொள்வது போலச் சொன்னார். சேர்த்துக்கொண்டார். சாயங்காலம் கரண்ட் போனால் மற்ற வீட்டில் பேச்சு கூடும், இந்த வீட்டில் நின்றுபோகும். இருட்டில் அவனுக்கு ஏது பேச்சு. அவள் டார்ச்சை மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, வெளிச்சம் தன் முகத்திலும் கையிலும் அடிக்கும்படி உட்கார்ந்து கதை சொல்வாள். சுவரில் அவள் கை பெரிய பெரிய நிழலாக ஆடும். அவர் எதிரில் உட்கார்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வார்த்தை புரியாது. கரண்ட் வந்துவிடக் கூடாதே என்று இருக்கும்.

இத்தனை அழகாகப் பேசுகிறவள் எப்படித்தான் இவரைக் கட்டிக்கொண்டாளோ. மாயவரத்தில் பெண் பார்க்கப் போனபோது பஜ்ஜி தின்றதைத் தவிர அவர் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை பேசவே மாட்டாரா என்று அவள் அத்தை கவலைப்பட்டதற்கு உள்ளேயிருந்து இவள், "ரெண்டு பேருக்கும் சேத்து நான் பேசிக்கிறேன்" என்றது கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. பேசினாள். நாற்பத்து மூன்று வருஷம் பேசினாள். அவர் 'ம்' சொல்வார். ஒருநாள், பையன் காலேஜில் சேர்ந்து வெளியூர் போகிற அன்றைக்கு, ஊருக்குக் கிளம்பறேம்ப்பா என்றான், அவர் 'ம்' என்றார். தையல்நாயகி அவன் பக்கம் திரும்பிக் கையை ஆட்ட ஆரம்பித்தாள். ஆட்டுகிறாள், ஆட்டுகிறாள், நெஞ்சைத் தொடுகிறாள், வானத்தைக் காட்டுகிறாள், அவனுக்குக் கண் கலங்கிப்போய்க் குனிந்து அவர் காலைத் தொட்டான். அவன் போன பிறகு, "நான் 'ம்'னுதானே சொன்னேன்?" என்றார். "அதுக்குள்ள அவ்வளவு இருந்துச்சு" என்றாள், துணி மடித்துக்கொண்டே. இருந்ததா? இருந்தது. அத்தனையும் இருந்தது. இவருக்கே தெரியாமல் அடியில் கிடந்ததை அவள் போய் எடுத்து வந்து, தூசி தட்டி, பிள்ளை கையில் கொடுத்தாள். உருண்டைகளை ஒவ்வொன்றாகக் குழம்பில் விட்டார். கரண்டி போடக் கூடாது. அதுவாக மேலே வர வேண்டும். அவள் இல்லை, இனி இந்த 'ம்'மை யார் அவனுக்குச் சொல்வார்கள்? இரண்டு நாள் பார்ப்பான், மூன்றாம் நாள் கிளம்புவான், அடுத்த தடவை ஒரு நாள் இருப்பான், அப்புறம் பொங்கலுக்குப் பொங்கல், அப்புறம் போனில் ஒரு போட்டோ. அவன்மேல் தப்பில்லை. பேச்சில்லாத வீட்டுக்கு ஒருவன் எத்தனை தடவை வருவான்? குழம்பு தளதளவென்று கொதித்தது, ஓர் உருண்டைகூட மேலே வரவில்லை. எல்லாம் அடியிலேயே கரைந்துவிட்டதா?

ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டியிருந்தார்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, உள்ளே புகை மாதிரி மூச்சு வந்து வந்து போனது. பேச முடியாது. அவர் கட்டிலுக்கு இந்தப் பக்கம், பையன் அந்தப் பக்கம். அவள் கண்ணைத் திறந்து இவரைப் பார்த்தாள், பிறகு அவனைப் பார்த்தாள், கையைத் தூக்கினாள். ஊசி குத்தின கை, பிளாஸ்திரி ஒட்டின கை. மெதுவாகத்தான் ஆட்டினாள், ஆனால் நிறைய. அவன் பதிலுக்கு ஆட்டினான். மறுபடி அவள். நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது, மாஸ்க்குக்குள் கன்னம் ஏறியது. இவருக்கு ஒன்றும் புரியவில்லை. நாற்பத்து மூன்று வருஷம் ஒரே பாயில் படுத்தவளின் பேச்சு புரியவில்லை, எதிரில் நிற்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து, "என்னடா சொல்றா?" என்று கேட்க வேண்டியிருந்தது. கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். அவன் அவரைப் பார்த்தான். "தூங்கச் சொல்றாங்க" என்றான். அவ்வளவுதான். அத்தனை நேரம் ஆட்டினதற்கு இரண்டு வார்த்தை. மறுநாள் அவள் இல்லை. அந்த மீதி என்ன? வலிக்கிறது என்றாளா, பயமாக இருக்கிறது என்றாளா, இவரைப் பற்றிக் குறை ஏதாவது சொல்லிச் சிரித்தாளா? அப்படியென்றால்கூடப் பரவாயில்லை. ஐந்து மாதமாக அவள் கையை மனசுக்குள் ஓட்டிப் பார்க்கிறார். நெஞ்சு, புருவம், ஒரு விரல், மடங்கின விரல். கேட்கலாம். கேட்டு, அவன் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டால்? கேட்காதவரைக்கும் ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது. தோளில் கை விழுந்ததும் தூக்கிவாரிப் போட்டது. செல்வமுத்து. தூக்கக் கண்ணோடு, கலைந்த தலையோடு, அடுப்பை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். முன் தலையில் நரை. "அம்மா கொழம்பா?" என்றான், ஏற்ற இறக்கம் இல்லாத, வெளியாட்களுக்கு இரண்டு தடவை சொன்னால்தான் புரிகிற அந்தக் குரலில். குழம்பில் உருண்டைகள் ஒவ்வொன்றாக மேலே வந்திருந்தன. ஒன்று மட்டும் பிளந்து மிதந்தது.

கூடத்தில் எதிரும் புதிருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உப்பு கொஞ்சம் கம்மி என்று விரலால் காட்டினான், நன்றாக இருக்கிறது என்றும் காட்டினான். அவர் தட்டைப் பார்த்தபடியே, "ஆஸ்பத்திரியில..." என்றார். அவன் தரையில் லேசாகத் தட்டினான். நிமிர்ந்தார்.

"மூஞ்சியக் காட்டிப் பேசுங்கப்பா."

"ஆஸ்பத்திரியில அம்மா உங்கிட்ட ரொம்ப நேரம் பேசினா. நீ தூங்கச் சொன்னாங்கன்னு மட்டும் சொன்னே. மீதி என்ன?"

இவ்வளவு நீளமாகத் தான் பேசியது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தான். எச்சில் கையை மடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் ஆட்டிக்கொண்டே வாயாலும் சொன்னான்.

"உங்களப் பத்தி. அப்பா 'ம்'னு சொல்வாரு, அதுக்கு ஒதடு அசையாது, உனக்குத் தெரியாது. அதனால மூஞ்சியப் பாருன்னாங்க. புருவம் ஏறினா சந்தோஷம். தாடையத் தடவினா வேணும்னு அர்த்தம், ஆனா கேக்க மாட்டாரு. கீழ பாத்துட்டே இருந்தா பயம். அப்பா பயந்தாங்கொள்ளி, யார்கிட்டயும் சொல்லாதேன்னு சிரிச்சாங்க. அதுக்குள்ள நர்ஸ் வந்துட்டாங்க."

"அப்பவே ஏன்டா சொல்லலை?"

"நீங்க கீழ பாத்துட்டே இருந்தீங்க."

அவருக்குச் சிரிப்பு வந்தது. தண்ணீரை எடுத்துக் குடித்தார். தன் முகத்தை அவள் இப்படி வரி வரியாகப் படித்துவைத்திருந்தாள் என்று தெரியாமலேயே இத்தனை வருஷம் அந்த முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறோம் என்று தோன்றியது. மாஸ்க்குக்குள் மூச்சு முட்டுகிற நேரத்தில், மிச்சமிருந்த பலத்தையெல்லாம் கைக்குக் கொண்டுவந்து, தனக்காக அவள் எதுவுமே கேட்டுக்கொள்ளவில்லை. வீட்டுப் பொறுப்பை ஒப்படைக்கிற மாதிரி இவரைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

செல்வமுத்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். "நான் ஒண்ணு கேக்கவா?" என்றான்.

தலையாட்டினார்.

"அம்மா கொரல் எப்படி இருக்கும்?" கேட்டுவிட்டு இடது கையைத் தன் கழுத்தில் வைத்துக் காட்டினான். "இங்க தெரியும். கைக்குத் தெரியும். காதுக்கு எப்படி இருக்கும்?"

அம்பலவாணன் இதை யோசித்ததே இல்லை. தேன் மாதிரி, குயில் மாதிரி என்று சொன்னால் பொய். அது அவனுக்குப் புரியவும் செய்யாது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்தார்.

"மொதல்ல மெல்லிசா இருந்துச்சு. கல்யாணமான புதுசுல. சின்னப் பொண்ணு கொரல் மாதிரி, லேசா. கோயில்ல தேவாரம் பாடினா நாலு பேரு திரும்பிப் பாப்பாங்க. அப்புறம் உனக்குச் சொல்லிக் குடுக்க ஆரம்பிச்சா. கழுத்துல கை வெச்சா உனக்கு அதிரணும்ல, அதுக்காக அழுத்தி அழுத்திச் சொல்லுவா. ஒரே எழுத்த, நாள் பூரா. வருஷக் கணக்கா. அதுல தொண்டை போயிடுச்சு. கரகரன்னு, கட்டையா ஆயிடுச்சு. திரும்ப சரியாகவே இல்ல. போன்ல பேசினா சார்னுதான் கூப்பிடுவாங்க. அவளும் ஆமா சார்தான் பேசறேன்னு சொல்லுவா."

அவன் சிரித்தான். பிறகு அவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "எது நல்லா இருக்கும்?"

"ரெண்டாவது" என்றார் அம்பலவாணன்.

அவன் கையில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னொரு தடவ சொல்லுங்க" என்றான்.

புரியாமல் கேட்கிறானா, புரிந்துதான் கேட்கிறானா என்று அவருக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தால் என்ன. மாயவரத்தில் பெண் பார்க்கப் போன அன்று, உள்ளேயிருந்து அந்தக் குரலை முதன்முதலாகக் கேட்டதிலிருந்து ஆரம்பித்து, மெதுவாக, ஒவ்வொரு சொல்லாகச் சொல்லத் தொடங்கினார்.